பொன்னாடைக்குப் பிறகு

எங்கள் ஊரில் ஒரு பாடகரை இனிமேல் பாடக் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டால் அவருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் மேடை ஓரத்தில் மைக்கோடு நின்று நின்றே வயது போன எனக்கு நன்றாகத் தெரியும். பகலில் துறைமுகத்தில் ஒரு கந்தோரில் கோப்பு எழுதுகிற லிகிதர் வேலை, பின்னேரங்களில் விழாக்களில் அறிவிப்பு. கந்தோர் என்னை ஓய்வு பெற விட்டது, அறிவிப்பு விடவில்லை. "மேடைக்கு வந்து கௌரவத்தைப் பெற்றுக்கொள்ளுமாறு அன்போடு அழைக்கின்றோம்" என்று நித்திரையிலும் சொல்வேன் போலிருக்கிறது. சொல்லிச் சொல்லி அந்த அன்பு தேய்ந்துபோய்க் கன காலம்.

நான் அதிக தடவை அப்படி அழைத்தது பாட்டுக்கார அக்காவைத்தான். ஊர் முழுக்க அவருக்கு அதுதான் பெயர். அவருடைய இளமைக் காலத்தில் கித்தாரும் ட்ரம்மும் வைத்த துள்ளிசைக் குழுக்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருந்தன. எல்லாவற்றிலும் ஆண்கள் பாடினார்கள், ஒன்றில் மட்டும் இவர் பாடினார். அதுவும் பெல்பொட்டம் காற்சட்டை போட்டுக்கொண்டு. கப்பல்காரர்கள் வந்துபோகிற கிளப்பிலும் பாடினார். இறங்குதுறையில் நிற்கும் ஒரு பெண் கப்பல்காரனைக் கிண்டல் பண்ணுகிற பாட்டு ஒன்று அவரை நாடு முழுக்கக் கொண்டுபோனது, கூடாத பெயரையும் வாங்கிக் கொடுத்தது. அந்தப் பாட்டு வானொலியில் தொடங்கினால் போதும், என் அம்மா குசினியிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்து நிறுத்துவார். கோயிலில் அக்கா வந்து நின்றால் பெண்கள் தள்ளி நிற்பார்கள். நாங்கள் தலைமயிரை விரித்துவிட்டாலே, "என்ன, பாட்டுக்காரியாகப் போறியோ?" என்று ஏச்சு விழும்.

அக்கா திருந்தவும் இல்லை, யாரிடமும் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. கிழவியானார், அவ்வளவுதான். எழுபதைத் தாண்டியதும் ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. பாட்டுக்காரி என்றவர்கள் மூத்த கலைஞர் என்றார்கள், மண்ணின் பெருமை என்றார்கள். சாம்பல்தீவில் ஒரு விழா, நிலாவெளியில் ஒரு விழா, டவுனில் எண்ணிக்கையில்லை. எல்லாவற்றிலும் ஒரு மாலை, ஒரு பொன்னாடை, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நினைவுச் சின்னம். பாடச் சொல்லி மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

இந்த விழாக்களில் பிரதம விருந்தினராகப் பெரும்பாலும் ஒரே ஐயாதான் வருவார். ஒரு காலத்தில் அரசியலில் இருந்தவர். அவருடைய ஆட்கள் பொல்லுத்தடியோடு இறங்கினால் கடைகள் கதவைச் சாத்தும். அக்காவின் கச்சேரி ஒன்றைக் கல்லெறிந்து குழப்பியதும் அந்த ஆட்கள்தான், ஊரின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று. இப்போது ஐயாவுக்குக் காது கேளாது, முழங்கால் மடங்காது. முன்னாள் என்ற சொல்லோடு நான் அவரை அழைக்கும்போது பல்லில்லாத வாயால் ஒரு சிரிப்புச் சிரிப்பார், எல்லாரும் உருகிப்போவார்கள். வயது போனதால் அவருடைய பொல்லை ஊர் மறந்துவிட்டது. அதே கையோடு அக்காவின் பாட்டையும் மறந்துவிட்டது. இரண்டையும் ஒரே குற்றமாக எண்ணி ஒரே மாதிரி மன்னித்தார்களே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கடைசியில் அந்தப் பொன்னாடையை அக்காவின் தோளில் போட்டதும் அந்த ஐயாவின் கைதான். கமராக்காரருக்காக இரண்டு தரம் போட்டார்.

அக்காவின் வீடு உட்துறைமுகப் பக்கம், மீன் வாசம் வருகிற ஒரு ஒழுங்கையில். அவரைப் பார்க்கப் போனால் எங்கே பார்த்தாலும் பொன்னாடைகள். தொலைக்காட்சிக்கு ஒன்று, தையல் மெஷினுக்கு ஒன்று, அலுமாரிக் கண்ணாடி உடைந்த இடத்தில் ஒன்று. பின்பக்கம் கோழிக்கூட்டுக்குச் சாரல் அடிக்காமல் சிவப்பில் சரிகை போட்டது இரண்டு.

"ஒண்டுக்கும் உதவாத சீலை பிள்ளை. தண்ணியும் உறிஞ்சாது, குளிருக்கும் ஏலாது" என்பார். பிறகு குரல் மாறும். "தோளைப் போத்தினாப் போதுமெண்டு நினைக்கிறாங்கள். எனக்கு வாய் இன்னும் இருக்கு. ஒருக்கா, ஒரேயொருக்கா மேடையில நிண்டு பாடவேணும். அதுக்குப் பிறகு அவங்கள் என்ன வேணுமெண்டாலும் செய்யட்டும்."

அவர் என்னிடம் வேறொன்றும் கேட்டதில்லை. நானும் ஒவ்வொரு விழாவுக்கு முன்னும், அதை ஒழுங்கு செய்கிற உத்தியோகத்தரிடம் போய் நிற்பேன். நல்ல பிள்ளை, பெரியவர்களைக் கண்டால் எழும்பிக் கதிரை தருகிற பிள்ளை. அதனாலேயே அவரோடு சண்டை பிடிக்க ஏலாது.

"மிஸ், நிகழ்ச்சி நிரல் அச்சடிச்சாச்சு" என்பார். அடுத்த முறை, "அவவுக்குக் குரல் போயிட்டுதெண்டு கதைக்கிறாங்கள் மிஸ். மேடையில வச்சுப் பிழைச்சா அவவுக்குத்தானே மரியாதை இல்லை" என்பார். அக்காவின் மரியாதையில் அக்காவைத் தவிர எல்லோருக்கும் அக்கறை. ஒருமுறை பொன்னாடை போர்த்திய கையோடு அக்கா என் மைக்கைப் பிடித்து முதல் வரியைத் தொடங்கியும்விட்டார். ஒலிபெருக்கிக்காரர் சத்தத்தை நிறுத்தினார். சனம் பலமாகக் கைதட்டி அவரைக் கீழே இறக்கியது. கைதட்டி ஒருவரின் வாயை மூடலாம் என்று அன்றைக்குத்தான் கண்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன்.

போன வருசம் அதே உத்தியோகத்தர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் அப்படியொரு பாசம்.

"மிஸ், இந்த முறை நீங்கள் அறிவிப்புச் செய்ய வேண்டாம். முன்வரிசையில இருந்தாச் சரி. உங்களையும் கௌரவிக்கிறதெண்டு முடிவெடுத்திருக்கிறம்."

நன்றி தம்பி என்று சொல்லி வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். எனக்கு இந்த வேலை அலுத்துப்போனது உண்மை. மேடைக் காற்றாடிச் சத்தம், விருந்தினர் வரும்வரை காத்திருப்பு, நாரிப்பிடிப்பு, எல்லாம் அலுத்துப்போனதுதான். ஆனால் அலுப்பு என்னுடையது. விடுவதென்றால் நான்தான் விடவேண்டும்.

பின்னேரம் அக்காவிடம் போனேன். விசயத்தைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அப்ப உன்ரை கதையும் முடிஞ்சுது. வா, கோழிக்கூட்டுக்கு இன்னும் ஒரு பக்கம் மூடக் கிடக்கு."

எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "அக்கா, நீங்கள் அண்டைக்கு வரவேணும்" என்றேன்.

"எனக்குப் போத்த இனித் தோளில இடமில்லை பிள்ளை."

"போத்திறதுக்கில்லை அக்கா. வாங்கோ."

அவர் என் முகத்தைப் பார்த்தார். தேத்தண்ணி ஊற்ற எழும்பிப் போனவர் குசினிக்குள் தொண்டையைச் செருமிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

விழா அன்று மண்டப வாசலில் கட்டிய வாழைமரங்களில் ஒன்றை டவுனுக்குள் மாடு மாதிரித் திரிகிற மான்கள் பாதி தின்றுவிட்டிருந்தன. யாரோ அவற்றை ரோட்டுக்குக் கலைத்துக்கொண்டிருந்தார்கள். என்னுடைய இடத்தில் ஓர் இளம் பெண் மைக்கோடு நின்றாள். என்னைவிட நல்ல குரல், அது வேறு எரிச்சல். எனக்குப் பின்னால், மூன்றாம் வரிசையில் அக்கா இருந்தார். பெல்பொட்டம் இல்லை, நூல் சேலைதான். ஆனால் உதட்டில் கொஞ்சம் சாயம் பூசியிருந்தார்.

"அன்போடு அழைக்கின்றோம்" என்றாள் அந்தப் பெண். அவளுடைய வாயில் அந்த அன்பு இன்னும் தேயவில்லை. ஏறினேன். ஐயாவை இரண்டு பேர் பிடித்து நிறுத்த, அவர் எனக்குப் போர்த்தினார். கமராக்காரருக்காக இன்னொரு தரம் போர்த்தினார். பிறகு ஏற்புரைக்கு இரண்டு நிமிடம் என்று மைக் என் கைக்கு வந்தது.

மனப்பாடம் பண்ணிய நன்றிகள் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். அக்காவை அத்தனை தடவை அழைத்த நான் ஒருநாளும் சொல்லாத அறிவிப்பு அது.

"அடுத்துப் பாட வருபவர், எங்கள் பாட்டுக்கார அக்கா."

மண்டபம் ஒருகணம் விழித்தது. அக்கா மட்டும் விழிக்கவில்லை. பெயர் சொன்னதும் எழும்புகிற பழக்கம் அவருடைய காலுக்கு இருந்தது. படியேறி வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். ஒலிபெருக்கிக்காரர் உத்தியோகத்தரைப் பார்த்தார். உத்தியோகத்தர் என்னைப் பார்த்தார். நான் பொன்னாடையோடு அசையாமல் நின்றேன். கௌரவிக்கப்பட்ட ஒருத்தியை மேடையிலிருந்து எப்படி இறக்குவது என்று அந்த நல்ல பிள்ளைக்குத் தெரியவில்லை.

முதல் வரி உடைந்துபோனது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்கா நிறுத்தினார், செருமினார், சுருதியை நன்றாகக் கீழே இறக்கி மறுபடி தொடங்கினார். அது பழைய குரல் இல்லை. பால் விடாத கடுஞ்சாயத் தேத்தண்ணி மாதிரிக் கறுத்து, கொஞ்சம் கசப்பாக இருந்தது. பக்கவாத்தியம் இல்லை, விரலைச் சொடுக்கித் தாளம் போட்டார். கப்பல்காரனைக் கிண்டல் பண்ணும் இடம் வந்தபோது இடுப்பு ஆடவில்லை, புருவம் ஆடியது. ஐயா பக்கத்துக் கதிரைக்காரரிடம், "ஆர் பாடுறது?" என்று மண்டபம் கேட்கக் கேட்டார். அவர் காதுக்குள் சொன்னார். ஐயா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

நான் சனத்தைப் பார்த்தேன். என் வயதுப் பெண்கள் எல்லோருடைய வாயும் அசைந்துகொண்டிருந்தது. வானொலியை ஈரக் கையோடு நிறுத்திய அம்மாமாரின் பிள்ளைகள் நாங்கள். எங்கே கேட்டோம், எப்போது பாடமாக்கினோம் என்று எங்களுக்கே தெரியாது. ஒரு வரி பிசகவில்லை. எனக்குக் கண் கலங்கி மேடை விளக்குகள் பெருத்துத் தெரிந்தன.

பாட்டு முடிந்தது. கைதட்டல் எழும்ப, உத்தியோகத்தருக்குப் பழக்க தோசம், மேசையில் மிச்சமிருந்த ஒரு பொன்னாடையை விரித்துக்கொண்டு ஓடிவந்தார். அக்கா மைக்கை விடாமல் மற்றக் கையை நீட்டி அவரை மறித்தார்.

"பொறுங்கோ தம்பி. அடுத்த பாட்டு இருக்கு."