கொசு கடிக்காத கால்வாய்

என்னைப் படிக்க வைத்தது சாக்கடைப் புழு. இதைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள் என்று கல்லூரித் தோழி ஒருத்தி அறிவுரை சொன்னாள். நான் தாழ்த்தியதில்லை.

பெங்களூரின் ஓரத்தில், சந்தாபுராவில் எங்கள் தகர வீடுகளுக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடுகிறது. அப்பா காலையில் அதற்குள் இறங்குவார். சேற்றை வலையில் அள்ளி, அலசி, பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டி, மேலே ஈரத்துணியைப் போட்டு வைப்பார். மதியத்துக்குள் மயிரிழை போன்ற சிவப்புப் புழுக்கள் சேற்றை விட்டு மேலேறி, ஒன்றோடொன்று பின்னிப் பந்தாகச் சேர்ந்திருக்கும். அவற்றைச் சிவாஜிநகரில் வண்ணமீன் விற்கும் கடைகளுக்குக் கொண்டுபோவார். யார் யார் வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளிலோ மீன்கள் அதைத் தின்று பளபளத்தன. நான் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் வீட்டில் எனக்கு முன் யாரும் போனதில்லை.

கல்லூரியில் சுற்றுச்சூழல் அறிவியல் வகுப்பில் அந்தப் புழுவின் படம் திரையில் வந்தபோது, பின்வரிசையில் ஒருவன் வாந்தி எடுப்பது போல் நடித்தான். மற்ற உயிர்கள் மூச்சுத் திணறிச் சாகும் நீரில் இது மட்டும் பிழைக்கும், இது கூட்டமாக இருந்தால் அந்த நீருக்கு நோய் முற்றிவிட்டது என்று பொருள் என்றார் பேராசிரியர். நான் கையைத் தூக்கினேன். "சார், எங்க வீட்டுல தொட்டி நிறைய இருக்கு. நாளைக்குக் கொண்டு வரட்டுமா?" கொண்டுபோனேன். வாந்தி எடுப்பதாக நடித்தவன்தான் முதலில் தொட்டுப் பார்த்தான்.

படிப்பு முடிந்ததும் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்தேன். ஏரி, கால்வாய்களின் தண்ணீரைச் சோதித்து அறிக்கை கொடுப்பது எங்கள் வேலை. தகுதிகாண் காலம் முடிவதற்குள்ளாகவே எங்கள் கால்வாய் என் கைக்கு வந்து சேர்ந்தது. அதன் எதிர்க்கரையில் புதிதாக எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கம், ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி, சாக்கடைத் தண்ணீரைத் தனிக் குழாயில் திருப்பிவிடச் செய்திருந்தது. பிறகு கரையில் கல்படிகள் கட்டி, வேலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். எங்கள் அறிக்கை நன்றாக வந்தால் பூட்டைத் திறந்து, பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்கி விளையாட விடுவதாகத் திட்டம். எங்கள் கரையில் வேலியும் இல்லை, பூட்டும் இல்லை. நாற்றம் போனதிலிருந்து தகர வீட்டுப் பிள்ளைகள் தண்ணீரோரம் வந்து நிற்க ஆரம்பித்திருந்தார்கள்.

எண்கள் எல்லாம் அழகாக வந்தன. தண்ணீர் தெளிவு. நாற்றம் இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். சேற்றைச் சலித்துப் பார்த்தேன். புழு ஒன்றுகூட இல்லை.

அப்பா அதற்கு முன்பே அங்கிருந்து கிளம்பிவிட்டிருந்தார். வாளிகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி, வைட்ஃபீல்ட் பக்கம் வேறொரு கால்வாய்க்குப் போய்க்கொண்டிருந்தார். தொழில் போனதில் அவருக்கு வருத்தமே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

"உன்ன மாதிரி படிச்சவங்க வந்து காலுவேயச் சுத்தம் பண்ணிட்டாங்கன்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்கேன் கண்ணு. புழு போச்சுன்னா தண்ணி நல்லாயிடுச்சின்னு நீதானே அன்னிக்குச் சொன்னே?"

சொன்னேன்தான். அதனால்தான் அன்று மாலை மறுபடியும் கரைக்குப் போனேன். இருட்டும்வரை நின்றேன். என்னை ஒரு கொசுகூடக் கடிக்கவில்லை. இருபது வருடமாக அந்தத் தண்ணீரின் கொசுக்கடியில் வளர்ந்தவள் நான். தட்டாம்பூச்சி இல்லை, தவளைச் சத்தம் இல்லை, கல்லின் அடியில் பாசிகூட இல்லை. தண்ணீர் நலமாகியிருந்தால் புழு போன இடத்துக்கு வேறு ஏதாவது வந்திருக்க வேண்டும். எதுவும் வரவில்லை. ஆக்சிஜன் ஏன் மிஞ்சியது என்பதும் அப்போது புரிந்தது. மூச்சுவிட ஆளில்லாத அறையில் காற்று மிஞ்சத்தானே செய்யும்.

மறுநாள் எங்கள் மேலதிகாரியிடம் சொன்னேன். கோயம்புத்தூர்க்காரர், கெட்டிக்காரர், எல்லோருக்கும் அவர் மேடம்.

"உலோகம் ஏதாவது கலந்திருக்கான்னு பார்க்கணும் மேடம்."

"அது காண்ட்ராக்ட்ல இல்லையேம்மா. அவங்க கேட்டது பேசிக் பேக்கேஜ். அதுல எல்லாமே பாஸ்."

"செத்த தண்ணிக்கு பாஸ் போடுறோம் மேடம்."

"ஏம்மா, கொசு இல்லைன்னு பெங்களூர்ல கம்ப்ளெயின்ட் பண்ற ஒரே ஆளு நீதான். பேர் போட்டு அனுப்பு, அடுத்த வேலையப் பாக்கலாம்."

நான் அனுப்பவில்லை. அப்பாவின் தொட்டியிலிருந்து கொஞ்சம் புழு கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்டார், சொன்னேன். "அப்போ சுத்தம் ஆவலயா?" என்றார். பிறகு இருப்பதிலேயே துடிப்பானதாகப் பார்த்து ஒரு கப் எடுத்துக் கொடுத்தார்.

ஆய்வகத்தில் சில கண்ணாடிக் குவளைகளில் கால்வாய்த் தண்ணீரையும், சிலவற்றில் குளோரின் போக இரவெல்லாம் மூடாமல் வைத்த குழாய்த் தண்ணீரையும் ஊற்றிப் புழுக்களைப் போட்டேன். குழாய்த் தண்ணீரில் அவை பந்தாகச் சேர்ந்தன. கால்வாய்த் தண்ணீரில் சேரவே இல்லை. தனித்தனியாகத் துடித்து, வெளுத்து, அடியில் படிந்துவிட்டன. நம்பாமல் மறுபடியும் செய்தேன். மறுபடியும் அதேதான். அறிக்கையில் ஒரு வரி சேர்த்தேன்: இந்த நீரில் எவரும் இறங்கக் கூடாது, மாசைத் தாங்கும் உயிர்களும் இதில் சாகின்றன.

மேடம் அந்த வரியை எடுக்கச் சொன்னார். என் பெயரையும் சேர்த்து எடுத்துவிடுங்கள் என்றேன். மாதிரி எடுத்தவரின் பெயர் இல்லாமல் அறிக்கை போகாது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். "தெளிவான முடிவுக்கு வர இயலவில்லை என்று போடலாமே" என்றார். எனக்குத் தெளிவாக இருக்கிறது என்றேன்.

"அப்ப சங்கத்து மீட்டிங்ல நீயே வந்து பேசு," என்றார். பேசத் தெரியாமல் விழிப்பேன் என்று நினைத்திருக்கலாம்.

சங்கத்தின் அறையில் டீயும் பிஸ்கட்டும் இருந்தன. செயலாளர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், வாய் நிறையச் சிரிப்பு. "ஏன்ம்மா, வாசனை இல்ல, கொசு இல்ல, தண்ணி கண்ணாடி மாதிரி ஓடுது. இன்னும் என்னதான் பேக்கு உங்களுக்கு, என்ன வேணும்?"

நான் இரண்டு குவளைகளை மேசையில் வைத்து, எது குழாய்த் தண்ணீர், எது கால்வாய்த் தண்ணீர் என்று சொன்னேன். கொண்டுவந்திருந்த புழுக்களைப் பாதிப் பாதியாகப் போட்டேன். ஒரு அம்மாள் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஐயே, சாப்பிடுற மேஜைல என்ன இது?"

"எங்க வீட்டுச் சோறும்மா," என்றேன். "எங்கப்பா இத வித்துத்தான் என்னப் படிக்க வெச்சாரு. சாக்கடைக்குள்ளேயே நல்லா இருக்கற புழு இது. டீ குடிச்சிட்டே பாருங்க."

எல்லோரும் டீயை மறந்து பார்த்தார்கள். ஒரு குவளையில் பந்து சேர்ந்தது. மற்றதில் புழுக்கள் நெளிந்தன, பிரிந்தன, சேரவில்லை. நான் எதுவும் விளக்கவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்ட அம்மாள்தான் முதலில் பேசினார். "என் பேத்தி தினமும் கேட் எப்பத் திறக்கும்னு கேட்டுட்டு இருக்கா."

"நாங்க காசு குடுத்தது ஹெல்த் ரிப்போர்ட்டுக்கு," என்றார் செயலாளர். சிரிப்பு போயிருந்தது. "டெத் சர்டிபிகேட்டுக்கு இல்ல."

"கேட்டத் திறந்தா அதுவும் கேட்பீங்க சார்," என்றேன். மேடம் மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

பூட்டைத் திறப்பதில்லை என்று முடிவானது. எங்கள் கரைக்கும் வேலி வேண்டும் என்று நான் கேட்டதற்கு, அது அவர்கள் இடம் இல்லை என்றார்கள். அன்று மாலையே தகர வீடுகளில் கதவு கதவாகத் தட்டினேன். பாதிப் பேர் நம்பவில்லை. தண்ணீரைக் குவளையில் ஊற்றி, புழுவைப் போட்டுக் காட்டிய பிறகு நம்பினார்கள்.

அறிக்கை என் வரியோடு போனது. சங்கம் அடுத்த ஆண்டுக்கான வேலையை வேறு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டது. என் தகுதிகாண் காலம் நீட்டிக்கப்பட்டது. நீட்டட்டும்.

கால்வாயில் மேலே எங்கிருந்து இந்த விஷம் வருகிறது என்று போய்ப் பார்க்க அனுமதி கேட்டேன். நம் வேலை அங்கே முடிந்துவிட்டது என்றார் மேடம். ஞாயிற்றுக்கிழமைக்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை. அப்பா வலைக்கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் மாதிரி பாட்டில்களோடு பின்னால் போனேன். சில இடங்களில் பழைய பாசி இருந்தது. ஒரு தொழிற்சாலையின் நீண்ட மதில் சுவருக்குப் பக்கத்தில் அதுவும் முடிந்தது. சுவரின் அடியில் ஒரு குழாய், அதிலிருந்து மெல்லிய பச்சை கலந்த தெளிந்த நீர் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது.

சுவருக்கு மேலிருந்து ஒரு காவலாளி எட்டிப் பார்த்தார். "ஏய், யாரு? இங்க என்ன வேலை?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் கையுறையை மாட்டிக்கொண்டேன். என் பெயரையும் படிப்பையும் அவருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். பிறகு பாட்டிலின் மூடியைத் திறந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாயின் அடியில் பிடித்தேன்.