எங்கள் வயல் அரிசிதான் முதலில்

என் மகளுக்கு ஆறு மாதம் முடிந்த மறுநாள் காலை, குக்கரில் இருந்த சோற்றை மசித்து, பருப்புத் தண்ணீர் விட்டு, நான் பாட்டுக்கு ஊட்டிவிட்டேன். நாள் பார்க்கவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. மாமியார் போன் செய்து, எந்தக் கோயிலில் வைத்து ஊட்டப் போகிறோம் என்று கேட்டார். சாப்பிட்டு முடித்துத் தூங்குகிறாள் என்றேன். அவருக்கு வருத்தம். இருக்கட்டும். சோற்றுக்காக ஒரு குழந்தையைக் காக்க வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பத்து வயதிலேயே பார்த்துவிட்டவள் நான்.

காக்க வைக்கப்பட்டவன் என் தம்பி. காக்க வைத்தவர் அப்பா.

நீடாமங்கலத்திலிருந்து உள்ளே ஏழு கிலோமீட்டர் போனால் எங்கள் ஊர். அப்பா டிராக்டர் ஓட்டுபவர். பதினைந்து வருஷம் ஊரார் வயலையெல்லாம் உழுதவருக்குத் தனக்கென்று ஒரு வரப்புகூடக் கிடையாது. தம்பி பிறந்த வருஷம்தான் முதன்முதலாக ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்குக் கிடைத்தது. சம்பா நட்டார். நட்ட நாளிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் ஒரு தடவை, வேலை முடிந்து ஒரு தடவை என்று வயலைப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பார்த்தால் பயிர் வேகமாக வளர்ந்துவிடுமா என்ன.

அந்த நாட்களில்தான் அந்த யோசனை அவருக்கு வந்தது. தம்பியின் வாயில் முதலில் போகும் சோறு எங்கள் வயலில் விளைந்ததாக இருக்க வேண்டும். பொங்கலுக்கு முன்னால் இரண்டு கட்டு மட்டும் அறுத்து, உரலில் குத்தி, அந்தப் புது அரிசியில் பொங்கல் வைத்து, சொந்தக்காரர்களை உட்கார வைத்து ஊட்டுவது. அதுவரை வேறு அரிசி அவன் வாயில் படக் கூடாது. வீட்டில் நாங்கள் எல்லோரும் தின்றது ரேஷன் அரிசி. அதைத் தின்று வளர்ந்த நான் நன்றாகத்தான் இருந்தேன். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

தம்பிக்கு ஐப்பசியில் ஆறு மாதம் முடிந்தது. பொங்கலுக்கு இன்னும் இரண்டரை மாதம் கிடந்தது.

மாதம் ஒரு தடவை பால்வாடிக்கு நர்சம்மா வருவார். உத்தரத்தில் தராசைத் தொங்கவிட்டு, துணிப்பையில் குழந்தையை உட்கார வைத்து எடை போடுவார். தம்பி அந்தப் பையில் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு தொங்குவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அந்த மாதம் அப்பாவும் வந்திருந்தார்.

"ஆறு மாசம் முடிஞ்சிருச்சு. இனிமே தாய்ப்பால் மட்டும் பத்தாது. சோத்தை நல்லா மசிச்சு, பருப்புத் தண்ணி விட்டு, ஒரு சொட்டு நெய் விட்டுக் குடுங்க" என்று நர்சம்மா அம்மாவிடம் சொன்னார்.

பதில் அப்பாவிடமிருந்து வந்தது. "பொங்கலுக்குக் குடுக்குறோங்க. எங்க வயல்ல வெளைஞ்சதுதான் அவன் வாயில மொதல்ல போவணும்."

"அவன் வயிறு பஞ்சாங்கம் பாத்தா பசிக்கும்?"

"ரெண்டு மாசந்தானங்க."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. வயல் வெளையுற வரைக்கும் நீங்களும் பாலையே குடிச்சிட்டு இருங்க. அப்பறம் புது அரிசி பெரியவங்களுக்கே வயித்தைக் கலக்கும். அதைப் போயி பச்சப் புள்ளைக்கு மொதல்ல குடுக்கறேங்கிறீங்க. வெவசாயம் பண்றவருதான நீங்க?"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அப்பா சிரிக்கவில்லை. அதோடு அவர் தீர்மானம் இன்னும் கெட்டியாகிவிட்டது. பெண்கள் சிரிக்கும்படி ஒருவரை மட்டம் தட்டிவிட்டு, அதற்குப் பிறகு அவர் மனசை மாற்ற முடியாது. நர்சம்மா நல்லவர்தான். அந்த ஒரு இடத்தில் மட்டும் தப்புப் பண்ணிவிட்டார்.

பால்வாடியில் குழந்தைக்கென்று சத்துமாவு பாக்கெட் கொடுத்தார்கள். அப்பா அதைத் தண்ணீரில் கரைத்து மாட்டுக்கு வைத்தார். எங்கள் தெருவில் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள். அந்த வருஷம் எங்கள் மாடு பளபளவென்று இருந்தது.

தம்பி இருந்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். யார் சாப்பிட்டாலும் அவர்கள் வாயையே பார்ப்பான். கை தட்டிலிருந்து மேலே போனால் அவன் பார்வையும் மேலே போகும். நாம் மெல்லும்போது வெறும் வாயை மெல்லுவான். எச்சில் ஒழுகும். அம்மாவுக்கு அப்போது பாலும் குறைந்துகொண்டு வந்தது. அவன் அழுதால் இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நடப்பது என் வேலை. எடை எழுதும் அட்டையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டை உண்டு. கார்த்திகையில் அவன் புள்ளி பச்சையின் ஓரத்தில் இருந்தது. மார்கழியில் மஞ்சளில் விழுந்தது. அம்மா அந்த அட்டையை அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

ஒரு நாள் நான் என் தட்டிலிருந்து கொஞ்சம் இட்லியைப் பாலில் குழைத்து அவன் நாக்கில் வைத்தேன். முகத்தைச் சுளித்தான். பிறகு என் விரலை விடவே இல்லை. ஈறால் கடித்துக்கொண்டு உறிஞ்சினான். அரை இட்லி போயிருக்கும். அம்மா பார்த்தாள். திட்டவில்லை. "உங்கப்பா வர்ற நேரம்டி" என்று சொல்லி முந்தானையால் அவன் வாயைத் துடைத்தாள். துடைத்தது சரியில்லை. காதோரம் ஒட்டியிருந்ததை அப்பா பார்த்துவிட்டார். யார் கொடுத்தது என்று கேட்டார். அம்மா முந்திக்கொண்டு, "நான்தான் குடுத்தேன்" என்றாள். இரண்டு நாள் அப்பா அம்மாவோடு பேசாமல் கடைத்தெருவில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். இவர் கோபத்துக்கும் சோறு வேண்டியிருந்தது, பாருங்கள். அதன் பிறகு நான் கொடுக்கவில்லை. அம்மாவாவது எதிர்த்து நின்றிருக்கலாம். அந்தக் கோபம் அம்மா மேலும் எனக்கு உண்டு.

பொங்கலுக்கு எட்டு நாள் இருக்கும்போது மழை பிடித்தது. நாலு நாள் விடவில்லை. கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்ற பயிர் அப்படியே தண்ணீரில் படுத்துவிட்டது. வடிகால் முழுக்க ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. தண்ணீர் எங்கே வடியும்? அப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இரண்டு நாள் தாமரையை இழுத்துப் போட்டார். ஒற்றை ஆள் இழுத்து என்ன ஆகும். ஐந்தாம் நாள் வெயில் அடித்தது. நெல் கதிரிலேயே முளைவிட்டிருந்தது.

அன்று மதியம் ஒரு கைப்பிடிக் கதிரோடு வீட்டுக்கு வந்து வாசலில் நின்றார். ஒவ்வொரு மணியிலும் வெள்ளையாக ஒரு முளை. எனக்கு அது பார்க்க அழகாகத்தான் இருந்தது. அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு நிலைப்படியில் நின்றாள்.

அப்போது பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன். அடுத்த தெருவில் இருந்தார். அவருக்குச் சொந்த நிலம் உண்டு, அதுவும் மேட்டில். கதிரை வாங்கிப் பார்த்தார். கீழே போட்டார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"சித்திரையில ஆம்பளப் புள்ள பொறந்தா அப்பனை ஒரு வழி பண்ணிரும்னு நான் அன்னைக்கே சொன்னேன். நீ கேக்கல. இப்பவாவது சோசியர்கிட்ட போயி என்ன ஏதுன்னு பாத்துட்டு வா. இல்லன்னா புள்ளைய அவ அம்மா வீட்டுல கொஞ்ச நாள் விட்டு வையி."

அம்மா தம்பியைத் தூக்கியிருந்த கையை மாற்றிக்கொண்டாள்.

எனக்கு ஒரே ஒரு கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நெல் போய்விட்டது. அப்படியானால் எங்கள் வயல் அரிசி என்று ஒன்று இனிமேல் கிடையாது. அப்படியானால் காத்திருக்க ஒன்றும் இல்லை. எனக்குச் சந்தோஷம். அந்த மழைக்கு நன்றி சொல்லியிருப்பேன். நேராகவே கேட்டேன்.

"அப்ப இனிமே தம்பிக்குச் சோறு போடலாமாப்பா?"

அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அடி விழும் என்று தோளைச் சுருக்கினேன். அடிக்கவில்லை.

"போட்டுக் கொண்டா" என்றார்.

பானையில் இருந்தது ரேஷன் சோறுதான். மசித்து ரசம் தெளிவு விட்டுக் கிண்ணத்தில் கொண்டுவந்தேன். பெரியப்பா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார்.

"நில்லுண்ணே" என்றார் அப்பா. "உன் தம்பி மவன் சாப்புடுறதைப் பாத்துட்டுப் போ."

அம்மாவிடமிருந்து தம்பியை வாங்கி, வாசலிலேயே, தெருவைப் பார்க்க உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார். எதிர்வீட்டில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அப்பா ஒரு சொம்புத் தண்ணீரில் கை கழுவினார். நகத்தில் சேறு போகவில்லை. அந்தக் கையோடு ஊட்டாதீர்கள் என்று யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. முதல் வாயைத் தம்பி துப்பினான். அதை வழித்து மறுபடி வைத்தார். விழுங்கினான். மூன்றாவது வாய்க்கு அவனே வாயைத் திறந்துகொண்டு முன்னால் வந்தான். கிண்ணம் காலியாகும் வரை அப்பா தலை நிமிரவில்லை. பெரியப்பா குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

அப்பா செய்தது தப்பு. அந்த இரண்டரை மாதத்துக்கு நான் இன்றும் அவரை மன்னிக்கவில்லை. அவரிடமே சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று வாசலில் என்ன நடந்தது என்பது மட்டும் எனக்கு அப்போது விளங்கவில்லை. சோறு ஊட்டும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் போலும், அதுதான் முறை, அதற்காகத்தான் பெரியப்பாவை இருக்கச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். முறை செய்ய வந்தவரை நிற்க வைக்கலாமா? உள்ளே ஓடி, வீட்டிலிருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து, துடைத்து, பெரியப்பாவுக்குப் பின்னால் போட்டேன்.

"ஒக்காருங்க பெரியப்பா" என்றேன்.

அவர் உட்காரவில்லை.