எத்திராஜ் தேடி வாங்கிய தலை லைட்டு

எங்கள் கள்ளிக்குப்பம் தெருவில் மூன்று வீடு தள்ளி இருக்கிறார் எத்திராஜ். லிப்ட் மெக்கானிக். ஒரு ஜோடி செருப்பு வாங்கப் போனாலும் கடைக்காரரின் உயிரை எடுத்துவிட்டுத்தான் வாங்குவார். எதையும் தூக்கிப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், மோந்துகூடப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் தன் வாழ்நாளிலேயே அதிகம் யோசித்து, அதிகம் அலைந்து வாங்கிய பொருள் தலையில் மாட்டிக்கொள்ளும் ஒரு சின்ன லைட்டு. அதுவும் தனக்கில்லை, கூட வேலை செய்யும் முகமது இஸ்மாயிலுக்கு, எங்களுக்கெல்லாம் அவர் பாய். அந்த லைட்டுதான் பாயைக் கொன்றது என்கிறார் எத்திராஜ். எனக்கு அந்த லைட்டின்மேல் அவ்வளவு கோபம் இல்லை. என் கோபம் வேறு பக்கம் இருக்கிறது.

இஸ்மாயிலுக்கு வீடு பாடியில், மேம்பாலத்துக்குப் பின்னால். இருவரும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரே கம்பெனியில் ஜோடி. லிப்ட் வேலையை ஜோடியில்லாமல் செய்ய முடியாது. லிப்ட் ஏறி இறங்கும் அந்தக் கூண்டுக்கு அடியில் ஒரு குழி இருக்கும். ஒருவர் அதில் இறங்கி, ஆட்கள் ஏறும் பெட்டியின் அடிப்பாகத்தைப் பார்ப்பார். மற்றவர் பெட்டியின் கூரைமேல் நின்றுகொண்டு, அங்கிருக்கும் பட்டனை அழுத்திப் பெட்டியைக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே நகர்த்துவார். கீழே ஆள் இருக்கும்போது மேலே இருப்பவர் கீழ்ப் பட்டனைத் தொட்டால் தீர்ந்தது. பாய் ஒல்லி, எந்தச் சந்திலும் நுழைவார். அதனால் குழி பாய்க்கு, கூரை எத்திராஜுக்கு. பாயின் உயிர் எத்திராஜின் கட்டைவிரலில் இருந்தது. இது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்துதான் தினமும் ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள்.

முதலில் எல்லாம் குரல்தான். ஆள் கீழே இருக்கிறாரா என்று மேலேயிருந்து எத்திராஜ், "பாய், கீறியா?" என்று கத்துவார். குழியிலிருந்து, "கீறேன் மாமே!" என்று பதில் வந்தால் பெட்டி அசையாது. "ஏறிட்டேன்" என்று வந்த பிறகுதான் பட்டன். வேலை முடிவதற்குள் நூறு தடவையாவது கேட்பார். பாய் சலித்துக்கொள்வார். "எம் பொண்டாட்டி கூட இத்தினி தபா கேட்டதில்ல மாமே" என்பார்.

பிறகு இந்தக் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்யும் காலம் வந்தது. அம்பத்தூரில் ஏரித் தண்ணீர் நின்ற இடத்தில் எழுப்பிய ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்று, இவர்கள் பராமரிப்பில் இருந்தது. லிப்ட் கூண்டுக்குள் போட்ட சத்தம் ஐந்து மாடிக்கும் கேட்கும். ஒருவர் மீட்டிங்கில் இருக்கிறார், ஒருவர் இன்டர்வியூவில் இருக்கிறார், ஒருவருடைய குழந்தை தூங்குகிறது. வாட்ஸப் குழுவில் புகார் பறந்தது. சங்கச் செயலாளர் ஸ்ரீநாத் கம்பெனிக்கு மெயில் போட்டார். சூப்பர்வைசர் இருவரையும் கூப்பிட்டு, "மீன் மார்க்கெட்டா அது? சத்தம் இல்லாம வேலை பாருங்க" என்றார்.

அதனால் குரல் போய் வெளிச்சம் வந்தது. குழியில் பாயின் டார்ச் எரிகிறதா, ஆள் கீழே இருக்கிறார். அணைந்துவிட்டதா, ஆள் ஏறிவிட்டார். கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் குனிந்து பார்த்தால் எத்திராஜுக்கு வெளிச்சம் தெரியும். இரும்பு டார்ச், மூன்று பேட்டரிக் கட்டை போடுவது, விரல் வலிக்கத் தள்ளினால்தான் அணையும். கட்டை தீர்ந்தாலும் மங்கி, மஞ்சளாகி, சொல்லிவிட்டுத்தான் போகும். அந்த டார்ச்சுக்கு அந்த ஏற்பாடு சரியாகத்தான் இருந்தது.

குழியில் இன்னொன்றும் இருக்க வேண்டும், ஒரு சிவப்புப் பட்டன். இறங்கியதும் அதை அழுத்திவிட்டால் மேலே யார் என்ன செய்தாலும் பெட்டி நகராது. அந்தக் குடியிருப்பில் மழைக்கு மழை குழிக்குள் தண்ணீர் ஊறி, அந்தப் பட்டன் துருப்பிடித்துச் செத்துக் கிடந்தது. எத்திராஜ் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார். "அடுத்த மீட்டிங்ல பேசிடலாம்" என்றார் ஸ்ரீநாத். அடுத்த மீட்டிங்கில் வாசலில் செயற்கை நீரூற்று வைப்பது பற்றிப் பேசினார்கள். கம்பெனியும் பட்டனை மாற்றச் சொல்லி வற்புறுத்தவில்லை. என் கோபம் இங்கேதான் இருக்கிறது.

டார்ச்சைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் வேலை செய்து செய்து, பாய்க்குக் கழுத்து போனது. பட்டை போட்டுக்கொண்டு வந்தார். திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு திரும்ப வேண்டும். எத்திராஜால் அதைப் பார்க்க முடியவில்லை. பாரிமுனையில் ஒரு தலை லைட்டு வாங்கிவந்தார். பேட்டரிப் பெட்டி பிடரியில் தொங்கியது. பாய் அரை நாள் மாட்டிக்கொண்டு, "தலைல செங்கல்ல கட்டிட்டியே மாமே" என்று கழற்றிக் கொடுத்துவிட்டார்.

அப்புறம்தான் எத்திராஜ் வெறி பிடித்தவர் மாதிரி தேட ஆரம்பித்தார். பஸ்ஸில் போனில் பார்ப்பார், சாப்பிடும்போது பார்ப்பார். எல்லாப் படத்திலும் ஒரு தாடிக்காரன் கூடாரத்துக்குப் பக்கத்தில் நெற்றியில் லைட்டோடு மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பாய் எட்டிப் பார்த்துச் சிரிப்பார். "அவன் மலை ஏறப் போறான். நாம குழில எறங்கப் போறோம். நமக்கு இன்னாத்துக்கு மாமே இது?"

எத்திராஜ் விடவில்லை. எடை குறைவாக இருக்க வேண்டும். கட்டை மாற்றும் தொல்லை கூடாது, போன் சார்ஜரிலேயே ஏற வேண்டும். பாயின் வழுக்கையில் பட்டை வழுக்கக் கூடாது. தண்ணீர் தெறித்தால் போகக் கூடாது. ஒன்றை வரவழைத்து, பிடிக்காமல் திருப்பி அனுப்பினார். இன்னொன்றில் வெளிச்சம் பத்தவில்லை. கடைசியில் ஒன்று வந்தது. உள்ளங்கையில் அடங்கிவிட்டது. எங்கள் தெருமுனைக் காய்கறிக் கடைக்கு அதை எடுத்துக்கொண்டு போய்த் தராசில் வைக்கச் சொன்னார். ஒரு தக்காளி எடைதான். கடைக்காரம்மா, "ரசம் வெக்கப் போறியாண்ணா?" என்று கேட்டதும் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். எத்திராஜ் முகத்தில் அன்றிருந்த பெருமையை நான் பிறகு பார்க்கவில்லை.

அந்த லைட்டில் இன்னொரு வசதியும் இருந்தது. பட்டனைத் தொடவே வேண்டாம். நெற்றிக்கு முன்னால் கையை அசைத்தால் எரியும், மறுபடி அசைத்தால் அணையும். பாயின் கை எப்போதும் கிரீஸ். இதைப் பார்த்துத்தான் எத்திராஜ் மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு இதை எடுத்தார். பாய்க்கும் பிடித்துப்போனது. கையை அசைத்து அசைத்து, மந்திரவாதி மாதிரி மனைவி ஜமீலாவுக்குக் காட்டினாராம்.

டார்ச் மாறியது, ஏற்பாடு மாறவில்லை. எரிந்தால் ஆள் இருக்கிறார், அணைந்தால் ஆள் ஏறிவிட்டார். இதை மாற்ற வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அந்த லைட்டு குழிக்குள் முன்பும் அணைந்திருக்கும், பாய் கையை அசைத்து எரிய வைத்திருப்பார். அப்போதெல்லாம் எத்திராஜின் விரல் பட்டன்மேல் இல்லை, அவ்வளவுதான்.

கார்த்திகை மழை விட்ட ஒரு காலை. குழியில் கணுக்கால் அளவு தண்ணீர். பாய் அதை இறைத்துவிட்டு, பெட்டிக்கு அடியில் குந்தியபடி கம்பியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மழை விட்ட புழுக்கம். நெற்றியிலிருந்து வியர்வை கண்ணில் இறங்கியிருக்கிறது. புறங்கையால் துடைத்தார். லைட்டு அணைந்தது.

மேலே எத்திராஜ் குனிந்து பார்த்தார். இருட்டு. பாய் ஏறிவிட்டார் என்று கீழ்ப் பட்டனை அழுத்தினார்.

மெதுவாகத்தான் போகும் அந்தப் பெட்டி. ஆனால் அங்கே இடைவெளியே இடுப்பளவுதான். "மாமே!" என்று ஒரு குரல் வந்தது. அதே நேரம் லைட்டு மறுபடியும் எரிந்தது. எத்திராஜ் கையை எடுத்தார். எடுத்தபோது நேரம் கடந்துவிட்டது.

அரசு ஆஸ்பத்திரியில் பாயின் இடது காலைத் தொடையோடு எடுத்தார்கள். இடுப்பும் நொறுங்கியிருந்தது. வார்டு வாசலில் எத்திராஜை உள்ளே விடவில்லை. கதவு இடுக்கு வழியாக, "பாய், கீறியா?" என்று கேட்டார். உள்ளேயிருந்து, "கீறேன் மாமே" என்று வந்தது. நானும் அங்கே நின்றேன், என் காதாலும் கேட்டேன். மறுநாளும் கேட்டார், மெல்லிசாகப் பதில் வந்தது. அதற்கடுத்த நாள் அவர் கேட்டபோது உள்ளே ஒரு நர்ஸ்தான் திரும்பிப் பார்த்தாள்.

கம்பெனி விசாரணை வைத்தது. குழிப் பட்டனை அழுத்தாமல் வேலை செய்தது ஊழியரின் தவறு என்று முடித்தார்கள். செத்த பட்டனை எப்படி அழுத்துவது என்று யாரும் கேட்கவில்லை. போலீசில் எத்திராஜ் பெயரில் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்கள். பாயை அடக்கம் செய்த அந்த வாரமே அந்தக் குழியில் புதுப் பட்டன் மாட்டிவிட்டார்கள். மீட்டிங்கே போடவில்லை.

எத்திராஜ் பாடிக்குப் போய் ஜமீலா வாசலில் நின்றார். அவள் திட்ட வேண்டும், செருப்பால் அடித்தாலும் சரி என்றுதான் போனார். ஜமீலா திட்டவில்லை. தண்ணீர் கொடுத்தாள். "அவுருக்குக் கழுத்து வலிக்குதுன்னு நீங்கதானே அலைஞ்சீங்க. எனக்குத் தெரியாதா?" என்றாள். எத்திராஜ் அழுதார். அழுது ஓய்ந்ததும் அவள் தண்ணீர்ச் சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிறகு, "ஒண்ணு மட்டும் கேக்குறேன்ண்ணே. இனிமே மேல நிக்காதீங்க. யாரு கீழ இருந்தாலும் நீங்க மேல நிக்க வாணாம்" என்றாள்.

அது மன்னிப்பா தண்டனையா என்று எத்திராஜுக்கு இன்றுவரை தெரியாது. எனக்கும் தெரியாது. அவளுக்கே தெரியுமா என்பது சந்தேகம்தான். எத்திராஜ் அதைக் கேட்டுக்கொண்டார். ஐம்பதை நெருங்கும் வயதில், பெருத்த உடம்போடு குழிக்கு மாறினார்.

மாறுவதற்கு முன் மறுபடியும் ஒரு லைட்டு வாங்கினார். இந்தத் தடவை தேடவே இல்லை. பாய் வேண்டாமென்று கழற்றிக் கொடுத்த அந்தச் செங்கல் லைட்டையே பரணிலிருந்து இறக்க நினைத்தார், அது துரு ஏறியிருந்தது. அதே மாதிரி ஒன்றைப் பாரிமுனையில் போய் எடுத்து வந்தார். கனமானது, திருகினால்தான் அணையும். பழைய இரும்பு டார்ச்சும் எரிந்தபடி குழி மூலையில் நிற்கும். சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டு, பெட்டியை நகர்த்தச் சொல்லி அது அசையவில்லை என்று பார்த்த பிறகுதான் ஸ்பேனரை எடுப்பார். இப்போது அவருக்கும் கழுத்து வலி. பட்டை போட்டிருக்கிறார்.

கூரைமேல் இப்போது பால்ராஜ். ஆவடியிலிருந்து வருகிறவர், நாற்பதைத் தாண்டியவர், அதிகம் பேச மாட்டார். போன மாதம் அதே ஐந்து மாடிக் குடியிருப்புக்கு இருவரும் போனார்கள். எங்கள் வீட்டு மிக்சியைச் சரி பண்ண அந்தப் பக்கம் போன நான், எத்திராஜைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று உள்ளே நுழைந்தேன். முதல் மாடி வித்யா என்கிற பெண், காதில் மாட்டியிருந்த போன் கருவியைக் கழற்றியபடி படியில் இறங்கி வந்து, லிப்ட் வாசலில் நின்று மேலே பார்த்தாள். நல்ல பெண்தான், குரலில் மரியாதை இருந்தது.

"அண்ணா, ப்ளீஸ், ஆபீஸ் கால்ல இருக்கேன். கொஞ்சம் மெதுவா பேசிக்கோங்களேன். ஒரு மணி நேரமா ஒரே சத்தம். கீழ அவர் பதில் சொல்லிக்கிட்டே இருக்கார், மேலேருந்து நீங்க எதுக்கு அவரைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்க?"

திறந்திருந்த லிப்ட் கதவு வழியே, கூரைமேல் குந்தியிருந்த பால்ராஜின் முகம் தெரிந்தது. அவர் கையைப் பட்டனிலிருந்து எடுத்துத் தொடையில் வைத்திருந்தார்.

"நான் ஒண்ணுமே கூப்புடலம்மா" என்றார்.

குழியிலிருந்து எத்திராஜின் குரல் மறுபடியும் வந்தது.

"கீறேன் பாய்."