எனக்கு மட்டும் வளையாத டிவி

என் இடது கண் போய்விட்டது என்பதை நான் ஒரு டிவி கடையில்தான் தெரிந்துகொண்டேன். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரித்துவிடுகிறார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறேன்.

எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. லேத்தில் கடைந்து வரும் இரும்பு உருப்படிகளைப் பார்த்து, தேறியது தேறாதது என்று பிரித்துப் போடும் இன்ஸ்பெக்டர். மயிரிழைக் கீறல் இருந்தாலும் தூக்கி ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிடுவேன். மெஷின்காரர்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கண் விஷயத்தில் எனக்கு அவ்வளவு திமிர். ரிடையர் ஆக இன்னும் மூன்று வருடம் இருந்தது.

கொரட்டூரில் எங்கள் வீட்டுப் பழைய டிவி உயிரை விட்டதும், வாங்கினால் திரை வளைந்த டிவிதான் என்று என் மனைவி பிடிவாதமாக நின்றாள். மேல் மாடி வீட்டில் பார்த்துவிட்டு வந்து, தியேட்டரில் உட்கார்ந்த மாதிரியே இருக்கிறது என்று ஒரு வாரம் புலம்பினாள். நான் அதைப் பார்க்காமலேயே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். எந்தச் சாமானாக இருந்தாலும் முதலில் குறையைத் தேடுவது என் தொழில் புத்தி. இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மெட்ரோ வேலைப் புழுதியெல்லாம் தலையில் வாங்கிக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனோம்.

கடையில் இருந்த பெண் நல்ல பொறுமைசாலி. இந்த மாடல் இப்போதெல்லாம் அதிகம் வருவதில்லை, கடைசியாக ஒன்றுதான் இருக்கிறது என்று உண்மையைச் சொல்லி, டிவிக்கு நேரே நடு நாற்காலியில் என்னை உட்கார வைத்தாள். என் மனைவி பக்கத்தில் நின்றாள். திரையில் கடல் ஓடியது. இரண்டு ஓரமும் நம்மைப் பார்த்து வருகிறது என்று மனைவி வாயைப் பிளந்தாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. மேல் விளிம்பு கொஞ்சம் கோணலாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

விட்டேனா? பிடித்துக்கொண்டேன். வளைவாவது ஒன்றாவது, எல்லாம் கண்கட்டு வித்தை என்றேன். டியூப் லைட்டின் வெளிச்சம் இதில் பட்டால் நீளமாக இழுபட்டுத் தெரியும், சுவரில் மாட்டினால் ஓரம் துருத்தும், நடுவில் இருப்பவனுக்குத் தியேட்டர், ஓரத்தில் இருப்பவனுக்குக் கழுத்து வலி என்று அடுக்கினேன். பக்கத்தில் டிவி பார்க்க வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள் என்றாள் அந்தப் பெண். எழுந்து போய் இடது கையை நீட்டினேன். ஓரம் இன்னும் ஒரு சாண் தள்ளி இருக்கும் என்று நினைத்த நேரத்தில் விரல் நுனியில் நங்கென்று இடித்தது. அவள் அதைக் கவனித்தாளோ என்னவோ, வாடிக்கையாளர் எல்லோருக்கும் காட்டும் ஒரு வித்தையைச் சொன்னாள்.

"ஒரு கண்ண மூடிக்கினு பாருங்க சார், சப்பையா தெரியும். அப்பால தொறங்க. வளைவு அப்பதான் நல்லா தெரியும்."

நான் வலது கண்ணை மூடினேன்.

டிவி இல்லை. கடலும் இல்லை. சாதம் வடித்த கஞ்சியை முகத்துக்கு நேரே பிடித்த மாதிரி ஒரு வெளுப்பு மட்டும் இருந்தது.

"கரண்ட் போச்சா?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்தேன், கடல் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி மூடினேன், வெளுப்பு. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி என் தோளைப் பிடித்த பிடி வலித்தது.

கம்பெனியில் வருடா வருடம் கண் பரிசோதனை உண்டு. அதில் எப்படித் தப்பித்தேன் என்று நீங்கள் கேட்கலாம், நானே கேட்டுக்கொண்டேன். சுவரில் மாட்டிய அந்த எழுத்துப் பலகையை மாற்றியதே இல்லை. வரிசையில் முன்னால் நிற்கும் இருபது பேர் சத்தமாக வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு எங்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம். எந்தக் கண்ணை மூடினாலும் வாய் தானாகச் சொல்லிவிடும். ஏமாற்றுகிறோம் என்றுகூட எவனும் நினைத்ததில்லை. அடுத்தவன் உருப்படியில் கீறல் தேடிய நான் என்னையே இப்படிப் பாஸ் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போய்விட்டது என்றார் மறுநாள் பார்த்த கண் டாக்டர். வலிக்காதாம். நல்ல கண் மற்றதன் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுவதால் தெரியவே தெரியாதாம். போனது திரும்பாது, வலது கண்ணைக் காப்பாற்ற வேண்டுமானால் ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து என்றார். இடது பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருப்பவர், நான் தலையைத் திருப்பினால்தான் தெரிவார் என்றும் சொன்னார். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, நாள் கணக்கு இல்லை, வருடக் கணக்கு என்றார். என் மனைவி அதன்பிறகு வீடு வரும்வரை பேசவில்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனியில் நானே போய்ச் சொன்னேன். ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். டிவி விஷயத்தில், வேண்டாத வாதம் செய்தாலும் நான் சொன்னது பெரும்பாலும் சரிதான் என்று மேல் மாடிக்காரரே ஒப்புக்கொண்டார். முதல் பத்து நாள் பிரமாதமாக இருந்ததாம், பிறகு வளைவு இருப்பதே மறந்துவிட்டதாம், நடு நாற்காலிக்கு மட்டும் இன்னும் சண்டை நடக்கிறதாம். நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு அது வேண்டாம். நாங்கள் தட்டையான டிவியே வாங்கினோம்.

அது வந்த அன்று சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்தோம். அவள் வழக்கம்போல என் இடது பக்கம் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து, சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கம் உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"காமெடி வந்தா உங்களப் பாத்து சிரிப்பேன். நீங்க திரும்பவே மாட்டீங்க. நாம இன்னா தப்பு பண்ணோம், இவருக்கு நம்மள புடிக்காம பூட்ச்சேன்னு யோசிச்சிகினே இருப்பேன். அப்பால சிரிக்கிறத உட்டுட்டேன்."

கடையில் கண் போனது தெரிந்தபோதுகூட எனக்கு இப்படித் தூக்கிவாரிப் போடவில்லை. அவள் சிரித்தது தெரியாததற்குக் கண்ணைக் காரணம் சொல்லலாம். சிரிப்பதை நிறுத்தியதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லையே.