செத்தவர் காலில் கிடந்த செருப்பு

கண்ணம்மாள் என் சித்தி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினாறு வருடமாகத் தையல் மெஷினில் இருக்கிறாள். மூன்று வாரமாக எதிரே வருகிற ஆண்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்க்கிறாள்.

எல்லாம் அந்த சீரியலால் வந்தது. பக்கத்து மெஷின் ஹஃப்ஸா சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் போடுவாள். தீயில் செத்துப்போனதாக நம்பிய புருஷன், மனைவியின் மறுகல்யாணத்தன்று மண்டப வாசலில் சிரித்துக்கொண்டு வந்து நிற்கிறான். சித்தி கையிலெடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. அவளுக்கும் பதிவுக் கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. மாப்பிள்ளை, அதே கம்பெனியில் தோல் வெட்டும் கோதண்டபாணி.

"செத்தவன் சீரியல்லதான்டி திரும்பி வருவான். அதுவும் பாக்குற ஜனம் கம்மியானா வருவான்," என்று ஹஃப்ஸா சிரித்தாள்.

"நீ சிரிப்ப. அந்தாளுகிட்ட பெல்ட்டால அடி வாங்கனவ நானு."

சித்தப்பா ஏகாம்பரம் நான்கு வருடத்துக்கு முன் தண்டவாளத்தில் கிடந்தார். முகம் இல்லை. செருப்பை வைத்துத்தான் சித்தி அடையாளம் சொன்னாள். துண்டுத் தோலில் அவளே தைத்துக் கொடுத்தது; வாரில் இரட்டைத் தையல் ஓடும். இப்போது அந்த அடையாளமே அவளைத் தூங்கவிடவில்லை. குடிப்பதற்காகப் புதுச் செருப்பையும் விற்றுவிடுகிற மனுஷன். வாங்கிப் போட்டவன் செத்திருந்தால்? திங்கட்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் அவர் வந்து நின்றால்?

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ரயில்வே போலீசுக்கு மனு எழுதி, சனிக்கிழமை சித்தியை அழைத்துப் போனேன். ஏட்டு பழைய கட்டைப் பிரித்துப் படங்களை எடுத்து வைத்தார்.

"மொதல்ல நீ பாருடா."

"ரெட்டத் தையல்தான் சித்தி. நீ தச்சதுதான்."

"தையல யார்ரா கேட்டது? அடிப்பக்கம் இன்னா மாதிரி இருக்குது, பாரு."

அடுத்த படத்தில் செருப்புகள் கவிழ்ந்து கிடந்தன. நான் சொல்வதற்குள் அவளே குனிந்துவிட்டாள். இடது செருப்பின் முன்முனை தரையில் உரசி உரசிப் பிய்ந்து, ஓட்டையே விழுந்திருந்தது. தோல் பதனிடும் ஷாப்பில் சுழலும் டிரம்முக்கு அடியில் கால் மாட்டியதிலிருந்து சித்தப்பா இடது காலை இழுத்துத்தான் நடப்பார்.

"அவருதான்," என்றாள். "இவ்ளோ தேஞ்சத எவன்டா வாங்குவான்?"

வெளியே வந்தோம். பிளாட்பாரத்தில் யாரோ காலை இழுத்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வரும் சத்தம். சித்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள், நகம் பதிந்தது. திரும்பினாள். காலைப் பார்த்தாள். பிறகு, மூன்று வாரத்தில் முதல்முறையாக, முகத்தைப் பார்த்தாள். பழக்கூடை சுமந்த யாரோ ஒரு கிழவர்.

பிடியை விடாமலே கேட்டாள்: "திங்கக்கிழம எத்தினி மணிக்குடா கையெழுத்து?"