ஏலியைப் பற்றிய பாடம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ‘டீச்சரம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் அவள். பள்ளிக்கூடத்தில் ஒருநாள்கூடக் கரும்பலகைக்கு முன்னால் நின்றதில்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், சபையின் பக்கத்து அறையில் பெண்களுக்கு வேதபாடம் எடுப்பது அவள்தான். அறுவை அறையிலிருந்து வரும் விரிப்புகளை எப்படி அலசுவது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதும் அதே பாடக்குரல்தான். “முதல்ல பச்சைத்தண்ணி. எடுத்த உடனே சுடுதண்ணியில போட்டா ரத்தக்கறை அப்படியே உக்காந்துக்கும், அப்புறம் யார் சொன்னாலும் எந்திரிக்காது.” முதுகுக்குப் பின்னால் இதை அவளைப்போலவே சொல்லிக்காட்டிச் சிரிப்பார்கள். காதில் விழுந்தாலும் கண்டுகொள்ள மாட்டாள்.

அவளுடைய ஒரே மகன் ஒரு கடைக்கு டெலிவரி வேன் ஓட்டினான். ஒரு சாயங்காலம் குடித்துவிட்டு வண்டியை எடுத்தவன், சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த பதினாறு வயதுப் பெண்ணைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டான். பெண் பிழைத்தாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அவளுடைய அம்மா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். பத்து வருஷமாக டீச்சரம்மாவின் வகுப்பில் இரண்டாவது வரிசையில் உட்காருகிறவளும்கூட. பெண் பதினோரு வாரம் அதே மருத்துவமனையில் கிடந்தாள். அந்த வார்டின் துணிகள் நீலப் பையில் வந்து இறங்கும்போதெல்லாம், டீச்சரம்மா அவற்றை யார் கையிலும் கொடுக்காமல் தானே அலசினாள்.

மகனுக்கு நாலு வருஷம் தண்டனை. தீர்ப்பு வந்த வாரமே, பாடங்களைப் பிரித்துக்கொடுக்கும் செயலாளரம்மா ஒரு துண்டுச்சீட்டை நீட்டினாள்.

“அடுத்த ஞாயிறு ஏலி. முடியாதுன்னா சொல்லிடுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.”

வழக்கமான வரிசைப்படி அந்த வாரம் ரூத்தின் கதை வரவேண்டும். நடுவில் ஏலி எப்படி வந்தான் என்று கேட்க டீச்சரம்மாவுக்கு நாக்கு எழவில்லை. மருந்துக்கடைக்காரிதான் கேட்டு வாங்கியிருப்பாள் என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள். “எடுக்கிறேன்” என்று சீட்டை வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து வந்து, சமையலறை மேசையைத் துடைத்துவிட்டு வேதப்புத்தகத்தை விரித்தாள். எந்தப் பகுதியானாலும் மூன்று தடவை வாசிப்பது அவள் வழக்கம். யார் யார் வருகிறார்கள் என்று பார்க்க ஒரு தடவை. என்ன நடந்தது என்று பார்க்க ஒரு தடவை. மூன்றாவது தடவை மட்டும் மெதுவாக, இது யாருக்குச் சொல்லப்பட்டது என்று யோசித்தபடி. பலி செலுத்தும் ஆசாரியன் ஏலிக்கு இரண்டு மகன்கள், அவர்களும் ஆசாரியர்கள். பலியிட வந்தவர்களின் இறைச்சியைப் பிடுங்கித் தின்றார்கள். வழிபாட்டுக் கூடார வாசலில் வேலை செய்த பெண்களைக் கெடுத்தார்கள். ஊரே வந்து ஏலியிடம் முறையிட்டது. கிழவன் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கண்டித்தான், அதோடு விட்டுவிட்டான். போரில் ஒரே நாளில் இருவரும் செத்தார்கள். சேதி வந்தபோது, பிள்ளைகள் செத்ததைக் கேட்டும் ஏலி உட்கார்ந்துதான் இருந்தான். போருக்குத் தூக்கிப்போன கடவுளின் உடன்படிக்கைப் பெட்டி எதிரிகளிடம் பறிபோனதைக் கேட்ட பிறகே மல்லாக்க விழுந்து கழுத்து முறிந்து செத்தான். அந்த இடத்தைப் பென்சிலால் கோடிட்டாள். இதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், நாளைக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்தாள். அந்த நேரத்திலும் அப்படி ஒரு சின்னச் சந்தோஷம் அவளுக்கு வரத்தான் செய்தது.

அடுப்படியில் மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“வேணாம்னு சொல்லியிருக்கலாமே அத்தே.”

“சொன்னா, பயந்துட்டான்னு பேசுவாங்க.”

“எடுத்தா மட்டும் மாலை போடப் போறாங்களா?”

டீச்சரம்மா நோட்டை இழுத்து எழுதினாள். ‘ஏலி ஏன் தடுக்கவில்லை?’ என்று ஒரு கேள்வி. அதற்குக் கீழே, கொஞ்சம் யோசித்து, ‘பாசத்தால்’.

மருமகள் எட்டிப் பார்த்துவிட்டுக் குழந்தையை இறக்கிவிட்டாள். “அத்தே, சாவியைப் பத்தி அங்க வாய் திறக்கக் கூடாது.”

“ஏலியைப் பத்தி மட்டும்தாம்மா பேசுவேன்.”

“குழந்தை தலையில அடிச்சு சொல்லுங்க.”

டீச்சரம்மா குழந்தையின் தலையில் கை வைத்தாள்.

சாவி விஷயம் இந்த இரண்டு பேருக்கும் மகனுக்கும் மட்டுமே தெரியும். அன்று சாயங்காலம் அவன் தள்ளாடி வந்தபோது, மருமகள் வேன் சாவியை மாவு டப்பாவுக்குள் ஒளித்துவைத்திருந்தாள். அவன் கத்தினான், நாற்காலியை உதைத்தான். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. டீச்சரம்மா டப்பாவுக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்து, முந்தானையால் மாவைத் துடைத்து, அவன் கையில் கொடுத்தாள். “போய்த் தொலை, மானத்தை வாங்காதே” என்றாள். நீதிமன்றத்தில் மருமகள், சாவி ஆணியில் தொங்கியது, அவராகவே எடுத்துக்கொண்டு போனார் என்று சத்தியம் செய்தாள். மாமியாரைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அறையில் கால் வைக்க இடமில்லை. வழக்கமாகப் பதினாலு பேர் வருகிற வகுப்புக்கு முப்பதுக்கு மேல் வந்திருந்தார்கள். ஆறு மாதமாக எட்டிப் பார்க்காதவர்கள்கூட, பெரிய அறையிலிருந்து நாற்காலி தூக்கிவந்து போட்டு உட்கார்ந்திருந்தார்கள். டீச்சரம்மா ஜெபம் செய்துவிட்டுத் தொடங்கினாள். குரல் பிசகவில்லை. பெட்டி பறிபோன சேதியில்தான் ஏலி விழுந்தான் என்று சொன்னபோது, இரண்டு மூன்று பேர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

செயலாளரம்மா கையை உயர்த்தினாள். “ஏலிக்கு எல்லாம் முன்னாடியே தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சே விட்டுட்டாரா?”

“கண்டிச்சார். கேக்கலை.”

“கேக்கலைன்னா வேலையை விட்டுத் துரத்தியிருக்கலாமே. பெத்தவங்க கண்ணை மூடிக்கிட்டா, அடுத்தவன் பிள்ளைதானே அடிபடுது?” சொல்லிவிட்டு ஒருமுறை திரும்பி அறையைப் பார்த்தாள். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

டீச்சரம்மா நோட்டைப் பார்த்தாள். “பாசம் கண்ணை மறைச்சிடுச்சு” என்றாள்.

அதுவரை தலை குனிந்திருந்த மருந்துக்கடைக்காரி அப்போதுதான் நிமிர்ந்தாள். “பாசமா?” என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. “அது பாசம்னா, நான் தினமும் என் பொண்ணைக் கழிப்பறைக்குத் தூக்கிட்டுப் போறேனே, அதுக்கு என்ன பேரு, டீச்சரம்மா?”

சுவரோரம் குழந்தையோடு உட்கார்ந்திருந்த மருமகள், வேண்டாம் என்று தலையை ஆட்டியதை டீச்சரம்மா பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

“பாசம் இல்லை. பயம். அக்கம்பக்கத்துல கேட்டுடுமேன்னு பயம். என் மருமக ஒளிச்சு வச்ச சாவியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.”

மருமகள் குழந்தையை அள்ளிக்கொண்டு வெளியே போனாள். மருந்துக்கடைக்காரி எழுந்து, கைப்பையைத் தோளில் மாட்டி, டீச்சரம்மாவின் எதிரே வந்து நின்றாள்.

“இந்தப் பாடத்தை நான் கேட்டு வாங்கலை. இதை உங்களுக்குக் கொடுக்க வேணாம்னுதான் இவங்ககிட்ட சொன்னேன்” என்று செயலாளரம்மாவைக் காட்டினாள். “இத்தனை நாளா அவன் ஒருத்தனைத்தான் சபிச்சேன். உங்களுக்கு ஜெபம் பண்ணிட்டிருந்தேன். பெத்த வயிறு என்ன பாடு படுதோன்னு. இனிமே பண்ண மாட்டேன்.”

அவள் அந்த வகுப்புக்கு அப்புறம் வரவேயில்லை.

புதன்கிழமை செயலாளரம்மா இன்னும் இரண்டு பேரோடு வீட்டுக்கு வந்து, பாடம் எடுப்பதிலிருந்து கொஞ்ச நாள் ஓய்வு எடுங்கள் என்றாள். வகுப்பில் பேசியது போலீஸ்வரை போய், வெள்ளிக்கிழமை மருமகளை, பொய்ச்சாட்சி சொன்னாயா என்று விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். விசாரணை முடிந்து வந்தவள் துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் மட்டும் ஒரு நிமிஷம் நின்றாள்.

“உங்களுக்காகத்தான் பொய் சொன்னேன். நீங்க உங்க பாரத்தை இறக்கி என் தலையில வச்சுட்டீங்க அத்தே.” குழந்தை பாட்டியிடம் கையை நீட்டியது. மருமகள் அந்தக் கையை மடக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

சிறையில் மகன் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான், உட்காரவில்லை.

“அந்தப் பொண்ணுக்குக் கால் முளைச்சிடுச்சா?”

அவள் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு ஒரு நாளாவது குறைஞ்சுதா? இல்லை. என் பொண்டாட்டி போயிட்டா, பிள்ளை போயிடுச்சு. நீ சொன்னதால யாருக்கும்மா நல்லது?”

அவளுக்குப் பதில் தெரியும். அன்று அறையில் அதைச் சொல்லி முடித்த நொடியில், ஏழு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப்போனதை உணர்ந்திருந்தாள். மருமகள் எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டே, அப்பாடா என்று மூச்சுவிட்டிருந்தாள். அந்த மூச்சை நினைத்தால் இப்போது கூசியது.

“எனக்குத்தான்” என்றாள்.

மகன் வலையிலிருந்து விலகினான். “இனிமே வராதே” என்று சொல்லிவிட்டு, காவலாளியைக் கூப்பிட்டு உள்ளே போய்விட்டான். பார்வை நேரம் இன்னும் பாதி மிச்சமிருந்தது. அவள் அது முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.