தவளைக்குப் பூசிய திருநீறு

கடல் தாண்டிச் சபா மாநிலத்துக்குப் படிக்கப் போன மகள், விமான நிலையத்தில் எங்களைப் பிரியும் துக்கத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். கிட்டே போனால், "அப்பா, என் தவளையைச் சாகவிட்டுடாதீங்க" என்கிறாள்.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைத் தவளை. கண்ணாடித் தொட்டிக்குள் இலைமேல் உட்கார்ந்து, பென்ஷன் வாங்கிய பெரிய அதிகாரி மாதிரி நம்மைப் பார்க்கும். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியில் நாய் வளர்க்க விடமாட்டார்கள், அதனால் தவளை. என் மனைவிக்கு அதைக் கண்டாலே உடம்பு கூசும். மகள் போன பிறகுதான், சாமி கும்பிட்டு வரும்போதெல்லாம் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, "டேய், பசிக்குதாடா?" என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.

திடீரென்று அது சாப்பிடுவதை நிறுத்தியது. பூச்சியை மூக்குக்கு நேராகக் காட்டினாலும் திரும்பவில்லை. பச்சை மங்கி, முதுகுத் தோல் அங்கங்கே சிவந்துவிட்டது. போனை எடுத்தேன்.

"பூனை, நாய் மட்டும்தான் அங்கிள்" என்றது முதல் கிளினிக். "தவளையா? விளையாடாதீங்க லா" என்றது அடுத்தது. நம் ஊரில் எனக்கு ரொம்பப் பிடித்த பேச்சு, "எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்காரு" என்பது. எதைக் கேட்டாலும் யாராவது அதைச் சொல்வார்கள். செந்தூலில் இருக்கும் நண்பர் ஒருவரும் சொன்னார்: "தவளையில கரை கண்டவரு. கூப்பிட்டுப் பாருங்க."

கூப்பிட்டேன். தவளை விஷயம் என்றதும் அந்த மனிதர் உற்சாகமாக, "எத்தனை கிலோ வேணும் பாஸ்?" என்றார். அவர் தவளைக் கஞ்சிக் கடைக்காரர்! என் கையிலிருந்து போன் நழுவாததுதான் குறை. "என்னவாம்?" என்று கேட்ட மனைவியிடம், "ஆள் இல்லையாம்" என்று மட்டும் சொன்னேன்.

கடைசியில் மீன் தொட்டி விற்கும் கடைக்காரர்தான் கிள்ளானில் ஒரு டாக்டரைச் சொன்னார். பாம்பு, ஆமை, தவளையெல்லாம் பார்ப்பாராம். மனைவி சாமி அறைக்கு ஒரு நடை போய்வந்து, தவளைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

கிளினிக்கில் பக்கத்து நாற்காலிக்காரர் மடியில் ஒரு தலையணை உறை இருந்தது. அது நெளிந்தது. என் மனைவி இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க அக்கா, மலைப்பாம்புதான். பாவம், சளி பிடிச்சிருக்கு" என்றார் அவர்.

டாக்டர் ஒரு சீனப் பெண். கையுறையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்ட பிறகே தவளையைத் தொட்டார். விளக்கடியில் பிடித்துப் பார்த்தவர் நிமிர்ந்து, மலாயில், "முதுகில் இந்த வெள்ளை என்ன?" என்றார்.

"அபு" என்றாள் மனைவி. மலாயில் சாம்பல்.

டாக்டர் முகம் மாறிவிட்டது. "சிகரெட் சாம்பலா?"

"ஐயையோ, சாமி சாம்பல் டாக்டர்! தினமும் நெத்தியில ஒரு பொட்டு வைப்பேன். உடம்பு சரியில்லன்னதும் முதுகு பூரா பூசிவிட்டேன். வரும்போதுகூடப் பூசினேன்."

கண்டாலே கூசுகிறவள் அதைத் தொட்டிருக்கிறாள், அதுவும் தினமும். அதே விரலால்தான் எனக்கும் பூசுவாள்.

"ஆண்ட்டி, தவளை வாயால தண்ணி குடிக்காது. தோலாலதான் குடிக்கும். மூச்சுகூடத் தோல் வழியா விடும். நீங்க மேல பூசுறது உள்ள போயிடும், தோலையும் புண்ணாக்கிடும்."

டாக்டர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. பொறுமையாகச் சொல்லிவிட்டு அதைக் கழுவப் போய்விட்டார். மனைவி தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கும்பிட்டுட்டுத்தானேங்க பூசினேன்" என்றாள் என்னிடம். நான் காலிப் பெட்டியை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

தவளையை அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். பிழைக்குமா என்று கேட்டதற்கு, "இப்போ சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில் மகள் கூப்பிட்டாள். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று நான் தொண்டையைக் கனைப்பதற்குள், மனைவியே போனை வாங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு குரல்: "அம்மா... நீங்களா அதைத் தொட்டீங்க?"

"ஆமாடி" என்றவள்தான், வீடு வரும்வரை அழுதாள்.

தவளை பிழைத்துவிட்டது. பச்சை திரும்பி, வீட்டுக்கு வந்ததும் பூச்சியை ஒரே வாயில் பிடித்தது. மனைவி இப்போதும் விடவில்லை. தினமும் காலையில் தொட்டிக்கு வெளியே, கண்ணாடிமேல் மூன்று விரலால் திருநீற்றை இழுத்துவிடுகிறாள். வீடியோ காலில் தவளையைப் பார்க்க வரும் மகள் கத்துவாள்:

"அம்மா, அவன் மூஞ்சி தெரியல. கொஞ்சம் தள்ளிப் பூசுங்க லா!"